புல் முளைத்தால் பொறுப்புத் தீர்ந்துவிடுமா?

கண்டிச் சீமையில் அகழப்பட்ட நிலங்களும் அளவுகோல் இல்லாத புனரமைப்பும்

மண்ணைத் தோண்டியவன் மண்ணை மூடித் தரவேண்டும். மூடிய மண்ணில் மரமுஞ் செடியும் மீண்டும் வளரச் செய்து தரவேண்டும். இந்த நியாயத்தை மறுப்பார் இன்று ஒருவருமில்லை. அகழ்வு அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனை இதனைச் சொல்கின்றது. மேடையேறும் அமைச்சர்களும் இதனையே சொல்கின்றனர். ஆயின், “செடி வளர்ந்துவிட்டது, நிலம் தேறிவிட்டது” என்று தீர்ப்புக் கூறுபவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு கூறுகின்றார்? எத்தனை ஆண்டு பொறுத்திருந்து கூறுகின்றார்? இம் மூன்று கேள்விகளுக்கும் விடையில்லாத இடத்தில் புனரமைப்பு என்பது வெறுஞ் சொல்லாகவே நிற்கும். அளக்கப்படாத கடமை, செய்யப்படாத கடமையே ஆகும்.

வழக்குமன்றத்திலே ஒருவன் கடனைத் தீர்த்துவிட்டேன் என்றால், பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்கின்றோம். மண்ணுக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிட்டேன் என்பவனிடம் மட்டும் ஒரு நிழற்படத்தை வாங்கிக்கொண்டு வழியனுப்பி வைப்பது என்ன நீதி?

திகனையின் வெள்ளைக் கல்

கண்டி நகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பாதையில், குண்டசாலையைக் கடந்தால் திகன. விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடுத்த இப்பகுதியின் நிலத்தடியில் கிடப்பது டொலமைட் என்னும் வெள்ளைக் கல். சுண்ணமும் மக்னீசியமும் கலந்த இந்தக் கல்லை வெடிவைத்துப் பிளந்து, அரைத்துப் பொடியாக்கி, மூடைகளில் கட்டி அனுப்புகின்றார்கள். எங்கே அனுப்புகின்றார்கள்? தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னந் தோட்டங்களுக்குமே பெரும் பகுதி செல்கின்றது. ஆண்டாண்டாக நைதரசன் உரமிட்ட தேயிலை நிலம் புளித்துப் போகின்றது. அந்தப் புளிப்பை ஆற்றித் தேயிலை விரும்பும் அளவுக்கு, அதாவது பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட நிலைக்கு, மண்ணைக் கொண்டுவருவதற்காகக் கவ்வாத்துக் காலத்தையொட்டி டொலமைட் தூவுகின்றனர். தூவும் கைகள் பெரும்பாலும் நம் மலையகத் தொழிலாளரின் கைகள்.

திகனையின் கல் தோட்டத்து மண்ணுக்கு மருந்து. அம் மருந்தைத் தந்த திகனையின் மண்ணுக்கு மருந்திடுவது யார்? இதுவே நாம் எழுப்பும் கேள்வி.

கல்லை எடுக்குமுன் கல்லின் மேலிருக்கும் மேல்மண்ணை வழித்தெடுக்கின்றனர். பல நூற்றாண்டுகளாக இலையுஞ் சருகும் மட்கி உண்டான மண் அது. அதனைத் தனியே குவித்துக் காத்து வைத்துப் பின்னர் பரப்பினாலன்றி, எஞ்சிக் கிடப்பது காரத்தன்மை மிகுந்த கற்பொடியும் கனரக இயந்திரங்கள் ஏறியிறங்கி இறுகிய தரையுமே. அத்தகைய தரையில் பொசுபரசும் இரும்பும் வேருக்கு எட்டாதபடி பூட்டப்பட்டுவிடுகின்றன. மழை பெய்தால் நீர் ஊறுவதில்லை, வழிந்தோடுகின்றது. அன்றியும், திகன கண்டி நகரைப் போன்ற ஈரவலயத்தைச் சேர்ந்த இடமன்று; தும்பறைப் பள்ளத்தாக்கின் இடைநிலை வலயம். ஆடி ஆவணியில் வறள்காற்று வீசும் பூமி. இத்தகைய இடத்தில் ஒரு நாற்றை நட்டுப் பிழைக்க வைப்பது எளிய காரியமன்று.

ஆனால் எதுவும் முளையாதென்று எண்ணிவிடலாகாது. முளைக்கும். கினிப்புல் முளைக்கும், உண்ணிச்செடி புதராக மண்டும், சுண்ண மண்ணை விரும்பும் இப்பில்-இப்பில் காடாகக் கிளம்பும். வீதியில் நின்று பார்ப்பவனுக்கு எல்லாம் பச்சைப் பசேலென்று தோன்றும். ஆபத்து இங்கேதான் தொடங்குகின்றது.

பச்சை கூறும் பொய்ச்சாட்சி

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அகழ்ந்த நிலத்தைப் பொறுத்தவரையில் இப் பழமொழி நூற்றுக்கு நூறு உண்மை. தூரத்திலிருந்து எடுத்த படம் மூன்று விதத்தில் பொய்ச்சாட்சி கூறுகின்றது.

முதலாவது, காலம். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு படமெடுத்தால் பாறையிடுக்கும் பச்சையாகத்தான் இருக்கும். அதே நிலத்தை வறட்சிக் காலத்தின் இறுதியில் சென்று பார்க்கவேண்டும். கினிப்புல் காய்ந்து, ஒரு தீக்குச்சிக்குக் காத்துக் கிடக்கும். நட்ட நாற்றுகளில் எத்தனை அந்தத் தீயையும் வெயிலையும் தாண்டி நிற்கின்றன என்பதே மெய்யான கணக்கு.

இரண்டாவது, இனம். வானத்தில் பறக்கும் செய்மதி இன்று நிலத்தின் பசுமையை எண்ணாக்கித் தருகின்றது. நல்ல கருவிதான். ஆயினும், அந்த எண் பசுமையின் அளவைக் காட்டுமேயொழிய, அது நாவல் மரத்தின் பசுமையா உண்ணிச்செடியின் பசுமையா என்று தானாகப் பிரித்துச் சொல்லாது. ஒரே களை மண்டிய நிலத்தையும் இருபது இனம் செழித்த நிலத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் தராசு அது.

மூன்றாவது, தொடர்ச்சி. நட்டு, நீரூற்றி, எருவிட்டு வளர்த்த செடி நிற்பது பெரிதன்று. கையை எடுத்த பின்னர் நிற்கின்றதா? பூத்துக் காய்த்து, விதை விழுந்து, தானாக ஓர் இளங்கன்று அதனடியில் முளைத்திருக்கின்றதா? மண்ணில் மட்கும் மண்புழுவும் சேர்கின்றனவா? இவற்றை மண்டியிட்டுப் பார்த்து எண்ணவேண்டும். வரப்பில் நின்றபடியே விளைச்சலைச் சொல்லும் உழவனை எந்த ஊரில் நம்பியிருக்கின்றார்கள்?

இதற்குக் கண்டி மக்கள் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு உயர்ந்து நிற்கின்றது. ஹந்தானை மலையை ஏறெடுத்துப் பாருங்கள். தேய்ந்துபோன மலைச்சரிவுகளைப் பசுமையாக்குகின்றோம் என்று வனத் திணைக்களம் 1960களிலிருந்து 1980கள் வரை மலைநாடெங்கும் பைனஸ் மரங்களை நட்டது. பசுமை உண்டாயிற்று, மறுக்கவில்லை. அவற்றின் அடியிலோ வழுக்கும் ஊசியிலை மெத்தையும், வறட்சி தோறும் பற்றியெரியும் தீயும். ஊற்றுகள் வற்றின என்று மலையடிக் கிராமத்தார் முறையிடுகின்றனர். பசுமையின் அளவை மட்டும் பார்த்துத் தீர்ப்பளித்தால் பைனஸ் தோப்பு வெற்றி; காட்டைப் பார்த்துத் தீர்ப்பளித்தால் அது பாதி வழியில் நின்ற வேலை.

மீதி வழியைக் காட்டியவர்களும் கண்டிக்காரரே என்பது நமக்குப் பெருமை. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் வெளிநாட்டு அறிஞருடன் சேர்ந்து, சிங்கராஜக் காட்டின் எல்லையிலுள்ள பைனஸ் தோப்புகளில் 1990களில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினர். சில வரிசை பைனஸ் மரங்களை வெட்டி வெளிச்சம் விட்டு, இடையே மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை நட்டு, அவற்றின் உயரத்தையும் உயிர்ப்பையும் ஆண்டுக்கணக்கில் அளந்து, எந்த மரம் எந்த வெளிச்சத்தில் தேறும் என்று கண்டறிந்தார்கள். அளக்கும் கலை இந் நாட்டில் இல்லையென்று இனி எவரும் சொல்லவேண்டாம். கண்டியிலிருந்து 4 மைல் தூரத்தில் அக்கலை கற்பிக்கப்படுகின்றது. கேட்பாரற்றுக் கிடக்கின்றது என்பதே குறை.

தோட்டத்தார் அறிந்த கணக்கு

புல் முளைப்பது வேலையின் முடிவா, தொடக்கமா? இதனை அறியப் பேராதனைக்கும் போகவேண்டியதில்லை. தோட்டத்துத் தொழிலாளி ஒருவரைக் கேட்டால் போதும். முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் உடனே புதுக்கன்று நடுவதில்லை. முதலில் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நட்டு, ஒன்றரை முதல் 2 ஆண்டுகள் அதனை வெட்டி வெட்டி நிலத்திலேயே பரப்பி, மண்ணைத் தேற்றிய பின்னரே தேயிலை நடவேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் விதி. அங்கே புல் என்பது மருந்து. பயிர் பின்னால் வருவது. புல் முளைத்துவிட்டது, ஆகவே மறுநடுகை முடிந்துவிட்டது என்று எந்தத் துரையாவது கணக்கெழுதினால் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

சிறு தோட்ட உடைமையாளன் மறுநடுகை மானியம் பெறுவது எவ்வாறு? ஒரே நாளில் முழுத் தொகையும் கையில் கிடைப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் அதிகாரி வந்து பார்த்த பின்னரே தவணை தவணையாகக் கிடைக்கின்றது. அரை ஏக்கர்த் தேயிலை வைத்திருக்கும் ஏழையிடம் இத்தனை கண்டிப்புக் காட்டும் அரசாங்கம், மலையையே பிளப்பவனிடம் அதில் பாதிக் கண்டிப்பையாவது காட்டக்கூடாதா?

பிற நாடுகள் எழுதிய விதி

அமெரிக்கா 1977இல் நிலக்கரி மேற்பரப்பு அகழ்வுக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, அகழ்ந்தவன் விதைத்தலையும் எருவிடுதலையும் நிறுத்திய ஆண்டுக்குப் பின் முழுதாக 5 ஆண்டுகளுக்கு அந்தத் தாவரத்துக்குப் பொறுப்பு. ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ ஆன இடங்களில் அப்பொறுப்பு 10 ஆண்டுகள். வளர்ந்திருக்கும் தாவரப் போர்வை, முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட ஒப்பீட்டு அளவில் 100க்கு 90க்குக் குறையலாகாது என்று அதன் விதிகள் கூறுகின்றன. பிணைப்பணம் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்படும். விடுவிக்குமுன் உள்ளூர்ப் பத்திரிகையில் வாரம் ஒரு முறையாக 4 வாரம் விளம்பரம் செய்யவேண்டும். ஆட்சேபிக்கும் அயலவனுக்கு விசாரணை கேட்கும் உரிமையுண்டு.

அந்தச் சட்டமும் குறையற்றதன்று. அப்பலாச்சிய மலைப்பகுதியிலே சரிவு வழுக்காதிருக்க மண்ணை இறுக்கி, விரைவில் படரும் புல்லை விதைத்தார்கள். போர்வைக் கணக்கு நிறைந்தது. முன்பிருந்த காடோ திரும்பவில்லை. பின்னர், மண்ணை இறுக்காது நெகிழவிட்டு உள்ளூர் மரங்களை நடும் முறையை அங்கே பரப்பவேண்டியதாயிற்று. படிப்பினை யாது? எதை அளக்கின்றோமோ அதையே விளைவிப்பான் அகழ்பவன். போர்வையை அளந்தால் புல்லைத் தருவான். மர இனங்களை அளந்தால்தான் மரத்தைத் தருவான்.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8ஆம் நாள் ஒரு கட்டளையிட்டது. அகழ்ந்து முடித்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனத்துக்கும் தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் ஏற்றதாக்கும் நிபந்தனை ஒவ்வொரு சுரங்கக் குத்தகையிலும் இடம்பெறவேண்டும் என்பதே அக்கட்டளை. செலவு அகழ்பவனுடையது. நன்று. ஆனால் “ஏற்றதாயிற்று” என்பதை எவ்வாறு அளப்பது என்ற கேள்வி அங்கேயும் உயிரோடிருக்கின்றது. நல்ல கட்டளைக்கும் நல்ல அளவுகோல் வேண்டும்.

நம் சட்டப் புத்தகத்தில் உள்ளது

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். நிலத்தைச் சீர்செய்வதற்கு உத்தரவாதமாகப் பிணைப்பணமும் கட்டவேண்டியுள்ளது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் 1980ஆம் ஆண்டுச் சட்டமும் உடன் நிற்கின்றது. சட்டம் இல்லையென்பது நம் முறைப்பாடன்று. பிணைப்பணம் எந்தத் தாவர அளவு நிறைவேறினால் திருப்பிக் கொடுக்கப்படும் என்பது அயலில் வாழ்பவன் படித்தறியக்கூடியதாய்ப் பகிரங்கமாக இருக்கவேண்டும் என்பதே நம் வாதம். அப்பணம் உண்மையான புனரமைப்புச் செலவிலும் குறைந்திருந்தால், கெட்டிக்கார அகழ்வாளன் பணத்தைக் கைவிட்டுவிட்டுக் குழியை நமக்கு விட்டுச் செல்வான். அப்போது பிணைப்பணம் என்பது குற்றத்துக்கு முன்கூட்டிக் கட்டிய அபராதமாகிவிடும்.

எப்பாவல வழக்கை மறக்கலாகாது. அனுராதபுர மாவட்டத்தின் பொசுபேற்றுப் படிவை அந்நியக் கம்பெனி அகழ்வதற்கு அரசாங்கம் ஒப்பந்தம் செய்ய முற்பட்டபோது, அவ்வூர் விவசாயிகளும் ஒரு பிக்குவும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000 ஜூன் மாதத்தில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, நாட்டின் இயற்கைவளத்துக்கு அரசாங்கம் சொந்தக்காரனன்று, மக்களுக்காகக் காத்துநிற்கும் பொறுப்பாளனே என்ற தத்துவத்தை நிலைநாட்டியது. பொறுப்பாளன் எவனும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். ஆகவே, அகழ்ந்த நிலத்தில் எத்தனை மரம் நிற்கின்றது என்ற கணக்கைக் கேட்பது நமது உரிமை; அரசாங்கம் போடும் பிச்சையன்று.

அக்கணக்கைக் கேட்கும் ஆயுதமும் கையில் இருக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, குடிமகன் ஒருவன் எழுத்தில் கேட்டால் 14 வேலை நாள்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். குடிமகன் என்ற சொல்லைக் கவனியுங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் மலையகத் தமிழரிடமிருந்து பறிக்கப்பட்ட பெயர் அது. எஞ்சியோருக்கும் அது முழுமையாக மீள்வதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அரை நூற்றாண்டு போராடிப் பெற்ற பெயரை வாக்குச்சீட்டில் மட்டும் எழுதிவைத்தால் போதுமா?

மறுப்புரைக்கு மறுமொழி

குவாரியில் வேலை செய்யும் ஏழைகளின் வயிற்றில் அடிக்கின்றீர்கள் என்பர் சிலர். குவாரியை மூடு என்று நாம் கூறவில்லை. டொலமைட் தோட்டத்துக்கு வேண்டும்; தோட்டம் நம் மக்களுக்கு வேண்டும். கல் முடிந்த பின் அதே தொழிலாளர் நாற்றுமேடை அமைக்கலாம், குழி வெட்டலாம், நடலாம், காக்கலாம். அளவுகோல் நீண்டால் வேலையும் நீளும்.

இயற்கை தானே ஆற்றிக்கொள்ளும் என்பர் வேறு சிலர். ஆற்றிக்கொள்ளும், ஆனால் மேல்மண்ணில்லாத கற்குழியில் எத்தனை தலைமுறையில்? 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் அடித்தபோது கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து எத்தனை குடும்பங்கள் புதையுண்டன என்பதை நாடறியும். வேர் பிடியாத சரிவின் அயலில் குடியிருப்பவனிடம் சென்று, தலைமுறை கணக்கில் பொறுத்திரு என்று சொல்லும் துணிவு யாருக்குண்டு?

செலவு அதிகம் என்பது இன்னொரு வாதம். 2020இன் பிற்பகுதியில் திகனையிலும் அயலிலும் சிறு நிலநடுக்கங்கள் உணரப்பட்டபோது, அதிகாரிகள் கருவிகளோடு வந்து பூமியின் நடுக்கத்தை அளந்தார்கள். அளக்கவேண்டியதுதான். பூமிக்குள் நிகழ்வதை அளக்க வகையுண்டாயின், பூமிக்கு மேலே நிற்கும் செடியை எண்ண வகையில்லையா? அதற்கு வேண்டியவை ஒரு கயிறு, நான்கு முளை, ஒரு குறிப்பேடு, செடியின் பெயரறிந்த ஒருவர்.

கடைசி மறுப்புரை நம்மவரிடமிருந்தே வருகின்றது. “திகன சிங்களக் கிராமம், தமிழருக்கு அங்கே என்ன வேலை?” என்கின்றனர். மகாவலி எங்கே போய்க் கடலைச் சேர்கின்றது என்று அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைவூட்டுகின்றோம். கண்டியைச் சுற்றிவரும் அந்த ஆறு விக்டோரியாவைக் கடந்து, கொட்டியாரக் குடாவில் கடல் சேர்கின்றது. மேலே கரையும் மண் கீழே நீர்த்தேக்கத்தில் படிகின்றது. நீர்த்தேக்கம் தூர்ந்தால் கீழ்க்கரை உழவனின் பயிர் வாடும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் எடுத்த குழிகள், 1990இல் ஆலை மூடப்பட்ட பின்னும் வாய்பிளந்து கிடப்பதைக் கண்டு நொந்த யாழ்ப்பாணத்தான், திகனையின் குழியைக் கண்டு தோளைக் குலுக்குவானாயின் அது அறிவீனம். குழிக்குச் சாதியுமில்லை, மொழியுமில்லை. மேலும், சிங்கள விவசாயியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே மேசையில் ஒரே கணக்கைக் கேட்கக்கூடிய விடயங்கள் இந்நாட்டில் அதிகமில்லை. இருக்கும் ஒன்றை நழுவவிடலாமா?

நாம் கோருவது

ஒன்று: ஒவ்வோர் அகழ்விடத்துக்கும் அருகில், அகழப்படாத ஓர் ஒப்பீட்டு நிலத்தை முன்கூட்டியே குறித்தல் வேண்டும். காடுதான் வேண்டுமென்பதில்லை. பலாவும் கமுகும் மிளகும் கிராம்பும் அடுக்கடுக்காக வளரும் கண்டி வீட்டுத்தோட்டம் உலகறிந்த சொத்து. திகனைக்கு அதனையும் அளவாகக் கொள்ளலாம்.

இரண்டு: மேல்மண்ணைத் தனியே காத்து வைக்காதவனுக்கு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படலாகாது.

மூன்று: நிலத்தில் நிலையான கட்டங்கள் குறித்து, நட்டவற்றில் பிழைத்தவை, உள்ளூர் மர இனங்களின் எண்ணிக்கை, தானாக முளைத்த கன்றுகள், களையின் பங்கு, மேல்மண்ணின் ஆழம் ஆகியவற்றை ஆண்டுதோறும் வறட்சிக் காலத்தின் இறுதியில் அளத்தல் வேண்டும். நீரும் எருவும் நிறுத்திய பின் குறைந்தது 5 ஆண்டுகள் இது தொடரவேண்டும். நாவல், மருது, சாவண்டலை, வட்டக்கண்ணி போன்றவை எண்ணப்படவேண்டும். இப்பில்-இப்பில் மரமென்று கணக்கில் ஏறலாகாது.

நான்கு: அளப்பவர் அகழ்பவனிடம் சம்பளம் வாங்குபவராக இருத்தலாகாது. பல்கலைக்கழகத்தாரும் கிராம மக்களின் பிரதிநிதியும் உடன் நிற்கவேண்டும்.

ஐந்து: பிணைப்பணம் உண்மைச் செலவுக்குக் குறையாமலிருந்து, தவணை தவணையாக விடுவிக்கப்படவேண்டும். விடுவிக்குமுன் பிரதேச செயலகத்தில் அளவை அறிக்கையைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒட்டி, ஆட்சேபம் கேட்கவேண்டும். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்பதை நோட்டீசுப் பலகைகளும் அறிந்துகொள்ளட்டும்.

இவற்றை அரசாங்கம் தானாகத் தூக்கித் தருமென்று நாம் எதிர்பார்க்கவில்லை. கண்டி மாவட்டத்திலுள்ள சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, தோட்டத் தலைவர்களே, விவசாய சங்கத்தினரே! உங்கள் அயலில் ஒரு குவாரி இருக்குமாயின், அதன் புனரமைப்புத் திட்டம், கட்டிய பிணைப்பணம், கடைசியாகத் தாவரம் அளந்த தேதி ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், தமிழிலேயே பதிலைப் பெறுங்கள். பதில் வராவிடின் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யுங்கள். சிங்கள அயலவரையும் சேர்த்துக் கையொப்பமிடுங்கள்.

கல்லை விற்றவன் காசோடு போய்விட்டான். குழி நம்மோடு இருக்கின்றது. அந்தக் குழியில் எது வளரவேண்டும், எவ்வளவு வளரவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையையும் அவனிடமே விட்டுவிடுவோமாயின், நாளை நம் பிள்ளைகள் புல்லைக் காட்டி இதுதான் காடு என்று படிப்பார்கள்.